ஆக்சஸ் ரிப்போர்ட்டில் ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் வரவைப்பது எப்படி?

"ஒரு பக்கத்துக்கு ஒரு ரெக்கார்டு வர என்ன செட்டிங் மாற்ற வேண்டும்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால் அதற்குள் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. பள்ளி அலுவலகத்தின் மாணவர் விவரங்கள் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் உள்ளன, ஆளுக்கு ஒரு ஏ4 பக்கம் அச்செடுக்க வேண்டும். சில பக்கங்களில் இரண்டு மாணவர்கள் சேர்ந்து வருகிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெறுமையாக வருகிறது. கட்டண ரசீது டேபிளையும் சேர்த்த பிறகு ஒரே மாணவர் நாலைந்து பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவதுக்கு மட்டும்தான் செட்டிங் தீர்வு. இரண்டாவது வெறும் கூட்டல் கணக்கு. மூன்றாவதில், ரெக்கார்டு என்று நீங்கள் நினைப்பதும் ஆக்சஸ் நினைப்பதும் ஒன்றாக இல்லை.

எதையும் தொடுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டை எந்த வியூவில் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். 2007 பதிப்பிலிருந்து ரிப்போர்ட்டை இரட்டைக் கிளிக் செய்தால் வழக்கமாக ரிப்போர்ட் வியூ திறக்கும். அதில் பக்கம் என்பதே கிடையாது, எல்லாம் ஒரே நீளமாக ஓடும். பக்கம் பிரிக்கச் சொல்லி என்ன செட்டிங் வைத்தாலும் அங்கே தெரியாது. பகுதிகளின் ஃபார்மேட் நிகழ்வில் எழுதிய நிரலும் (code) அங்கே ஓடாது. ஆகவே சோதனையெல்லாம் பிரின்ட் பிரிவியூவில்தான். சரியாக வைத்த செட்டிங்கை "வேலை செய்யவில்லை" என்று பலர் கலைத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

முதல் சிக்கலுக்கு வருவோம். ஒரே டேபிளிலிருந்து, ஒரு மாணவருக்கு ஒரே வரி என்றிருந்தால், டிசைன் வியூவில் டீடெய்ல் பகுதியின் (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு முறை அச்சாகும் பகுதி) பட்டையைக் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டி ஷீட்டில் ஃபார்மேட் தாவலில் ஃபோர்ஸ் நியூ பேஜ் என்பதைத் தேடுங்கள். அதில் நான்கு தேர்வுகள்: நன் (None), பிஃபோர் செக்‌ஷன், ஆஃப்டர் செக்‌ஷன், பிஃபோர் அண்ட் ஆஃப்டர். நான் பிஃபோர் செக்‌ஷனையே சொல்வேன். ஆஃப்டர் வைத்தால், ரிப்போர்ட் ஃபூட்டரில் (எல்லாரும் முடிந்தபின் ஒரே முறை அச்சாகும் பகுதி) அரை சென்டிமீட்டர் உயரம் மிச்சமிருந்தாலும் அது கடைசி மாணவருக்குப் பிறகு தனிப் பக்கமாக வந்து நிற்கும். பிஃபோரிலும் இதே தொல்லை தலைகீழாக வரும்: ரிப்போர்ட் ஹெடருக்கு உயரம் இருந்தால் முதல் பக்கத்தில் அது மட்டும் அச்சாகும். முகப்புப் பக்கம் வேண்டுமென்றால் அது வசதி. வேண்டாமென்றால் ரிப்போர்ட் ஹெடரையும் ஃபூட்டரையும் உயரம் பூஜ்யமாகும் வரை சுருக்கிவிடுங்கள். பள்ளியின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டியது, எனவே அதன் இடம் பேஜ் ஹெடர்.

கருவிப்பட்டையில் பேஜ் பிரேக் என்று ஒரு கன்ட்ரோல் (ரிப்போர்ட்டில் வைக்கும் பெட்டி, லேபிள் போன்ற உறுப்பு) இருக்கிறது. அதை டீடெய்லின் அடியில் இழுத்துப் போட்டும் பக்கம் பிரிக்கலாம்தான், ஆனால் அதற்குக் கீழே மிஞ்சும் துளி இடமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் என்பதால் வெற்றுப் பக்கம் முளைக்கும். ஒரே மாணவருடைய விவரத்தை வேண்டுமென்றே இரண்டு பக்கமாக வெட்ட வேண்டிய இடத்தில் அது பயன்படும். இங்கே வேண்டாம்.

மூன்றாவது சிக்கலை இரண்டாவதற்கு முன்னால் பார்த்துவிடலாம், ஏனென்றால் ரிப்போர்ட்டின் அமைப்பையே அதுதான் தீர்மானிக்கிறது. மாணவர் டேபிளையும் ரசீது டேபிளையும் குவெரியில் (டேபிள்களிலிருந்து தரவைத் திரட்டித் தருவது) இணைத்தால், ஐந்து ரசீது உள்ள மாணவர் ஐந்து வரிகளாக வருவார். டீடெய்ல் பகுதி வரிக்கு ஒரு முறை ஓடுவது. அதன்மீது ஃபோர்ஸ் நியூ பேஜ் வைத்தால் ஐந்து பக்கம் வருவது இயல்பே, ஆக்சஸ் சொன்னதைச் செய்திருக்கிறது. இந்த நிலையில் பக்கத்தைப் பிரிக்க வேண்டிய இடம் டீடெய்ல் அல்ல, குரூப் ஹெடர் (ஒரு மாணவரின் வரிகளுக்கு மேலே ஒரு முறை அச்சாகும் பகுதி). குரூப் அண்ட் சார்ட் (Sort, வரிசைப்படுத்தல்) பலகையைத் திறந்து சேர்க்கை எண்ணின்மீது குரூப் போடுங்கள், ஹெடரையும் ஃபூட்டரையும் வரவையுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாம் குரூப் ஹெடருக்குள் போகும். ரசீது எண், தேதி, தொகை மட்டும் டீடெய்லில் ஒரே வரியாக இருக்கும். மொத்தத் தொகை குரூப் ஃபூட்டரில். ஃபோர்ஸ் நியூ பேஜை டீடெய்லிலிருந்து எடுத்துவிட்டு, குரூப் ஹெடரில் பிஃபோர் செக்‌ஷன் வையுங்கள்.

குரூப்பை மாணவரின் பெயர்மீது போட்டுவிடாதீர்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேர் இருந்தால் இருவருடைய ரசீதுகளும் ஒரே பக்கத்தில் கலந்து, தொகையும் கூடி வரும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வகுப்புவாரியாக, பெயர் வரிசையில் தாள் வேண்டுமென்றால் வகுப்பு, பிரிவு, பெயர் மூன்றையும் வெறும் வரிசைப்படுத்தும் நிலைகளாக மேலே வைத்து, கடைசியில் சேர்க்கை எண்ணைக் குரூப்பாக வையுங்கள். குவெரியில் நீங்கள் கொடுத்த வரிசையை நம்ப வேண்டாம். ரிப்போர்ட்டில் குரூப், சார்ட் வைத்த பிறகு அதன் பேச்சுதான் எடுபடும். சேர்க்கை எண் டெக்ஸ்ட் புலமாக (எழுத்தாகச் சேமிக்கும் ஃபீல்டாக) இருந்தால் 1, 10, 100, 2 என்றுதான் அடுக்கும். எண் மட்டுமே உள்ள புலம் என்றால் வால் (Val) ஃபங்ஷன் கொண்டு எண்ணாக்கி அதன்மீது வரிசைப்படுத்தலாம்.

இணைப்பில் இன்னொரு பொறி இருக்கிறது, இது சத்தமில்லாமல் ஏமாற்றும். இரண்டு டேபிளையும் சாதாரணமாக இணைத்தால், ஒரு ரசீதுகூட இல்லாத மாணவர் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடுவார். குவெரி டிசைனில் இணைப்புக் கோட்டை இரட்டைக் கிளிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும். அவற்றில் மாணவர் டேபிளின் எல்லா ரெக்கார்டுகளையும் எடு என்று சொல்வதைத் தேர்ந்தெடுங்கள்.

ரசீதோடு மதிப்பெண்ணும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றால் மூன்று டேபிளையும் ஒரே குவெரியில் கோக்க முயலாதீர்கள். ஐந்து ரசீதும் ஆறு பாடமும் உள்ள மாணவருக்கு முப்பது வரிகள் வரும், கட்டண மொத்தம் ஆறு மடங்காகும். இதற்கு சப்ரிப்போர்ட்தான் (ரிப்போர்ட்டுக்குள் வைக்கும் இன்னொரு ரிப்போர்ட்) வழி. முதன்மை ரிப்போர்ட் மாணவர் டேபிளை மட்டும் பார்க்கட்டும். டீடெய்லில் ஃபோர்ஸ் நியூ பேஜ் இருக்கட்டும். ரசீதுக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு சப்ரிப்போர்ட்களை அதற்குள் வைத்து, லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ், லிங்க் சைல்ட் ஃபீல்ட்ஸ் இரண்டிலும் சேர்க்கை எண்ணைக் கொடுங்கள். சப்ரிப்போர்ட்டின் பேஜ் ஹெடரும் பேஜ் ஃபூட்டரும் முதன்மை ரிப்போர்ட்டுக்குள் அச்சாகாது. பத்தித் தலைப்புகளை அதன் ரிப்போர்ட் ஹெடரில் வையுங்கள். பட்டியல் அடுத்த பக்கத்துக்கு வழியும்போதும் தலைப்பு வர வேண்டுமென்றால், சப்ரிப்போர்ட்டில் =1 என்ற கணக்கின்மீது ஒரு குரூப் போட்டு, அந்தக் குரூப் ஹெடரில் தலைப்புகளை வைத்து, ரிப்பீட் செக்‌ஷனை யெஸ் ஆக்கலாம். சப்ரிப்போர்ட்டின் மொத்தத்தை முதன்மை ரிப்போர்ட்டில் காட்டும்போது, வரியே இல்லாத மாணவருக்குப் பிழைக்குறி வரும். ஹாஸ்டேட்டா (HasData) என்ற ப்ராப்பர்ட்டியை ஐ-இஃப் (IIf) மூலம் சோதித்து, தரவு இல்லையென்றால் பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது வெற்றுப் பக்கம். ஒன்றுவிட்டு ஒன்று வெறுமையாக வந்தால் பெரும்பாலும் குற்றவாளி அகலம்தான். ரிப்போர்ட்டின் அகலம், இடது மார்ஜின், வலது மார்ஜின் மூன்றின் கூட்டுத்தொகை தாளின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. கோப்பில் கோக்க இடது மார்ஜின் 2 செ.மீ., வலது 1 செ.மீ. என்றால் ரிப்போர்ட்டுக்கு மிஞ்சுவது 18. அதை 17.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் அந்தக் கீற்றுக்காக ஆக்சஸ் ஒரு தாளைச் செலவழிக்கும். பிரிவியூ திறக்கும்போதே பகுதியின் அகலம் பக்கத்தின் அகலத்தைவிட அதிகம் என்று எச்சரிக்கும், ஓகே அடித்துத் தாண்டிவிடுவதுதான் நம் வழக்கம். அகலத்தைக் குறைக்கப் போனால் பல நேரம் குறையவே குறையாது, ஏனென்றால் வலது ஓரத்தில் ஏதாவது ஒரு கன்ட்ரோல் உட்கார்ந்திருக்கும். விசார்டு போட்டுவைத்த பக்க எண் பெட்டியோ, தலைப்புக்கு அடியில் இழுத்த கோடோ, எழுத்தில்லாத லேபிளோ இருக்கும். எல்லாப் பகுதிகளிலும் வலது ஓரத்தை மவுஸால் வளைத்துத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், மாட்டும். அதைச் சுருக்கிய பிறகே அகலம் குறையும்.

உயரக் கணக்கும் இதே மாதிரிதான். ஏ4 உயரம் 29.7 செ.மீ. மேல், கீழ் மார்ஜின்கள் தலா 1.5, பேஜ் ஹெடர் 3, பேஜ் ஃபூட்டர் 2.5 என்றால் 8.5 போய்விடும். மாணவர் விவரத்துக்குக் கிடைப்பது 21.2. அதை முழுவதும் நிரப்பாமல் 19 செ.மீ.க்குள் அடக்குவது நல்லது. காரணம் சொல்கிறேன். வேறொரு கணினியில் பிரின்டரின் வழக்கத் தாள் லெட்டர் (Letter, அமெரிக்கத் தாள் அளவு) என்று இருந்தால், லெட்டரின் உயரம் 27.94 செ.மீ.தான். ஏ4-ஐவிட 1.76 குறைவு. பேஜ் செட்டப்பில் தாள் அளவைக் குறிப்பிட்டு வைத்தாலும், பிரின்டர் மாறும்போது ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். தாளின் ஓரத்தில் எவ்வளவு தூரம் வரை மை படும் என்பது பிரின்டருக்குப் பிரின்டர் வேறுபடும். அதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஒரு சோதனைத் தாள் எடுத்தால் தெரிந்துவிடும்.

முகவரி சிலருக்கு இரண்டு வரி, சிலருக்கு ஐந்து வரி. அந்தப் பெட்டிக்கு கேன் க்ரோவை (Can Grow, தேவைக்கேற்ப உயரம் வளர்வது) யெஸ் ஆக்குங்கள். பெட்டி இருக்கும் பகுதிக்கும் அது யெஸ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கேன் ஷ்ரிங்க் (Can Shrink, சுருங்குவது) கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வெறுமையான பெட்டி சுருங்க வேண்டுமானால் அதே கிடைமட்டத்தில் சுருங்காத வேறெதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் "கைபேசி" என்று ஒரு லேபிள் இருந்தாலே போதும், வரி சுருங்காது. லேபிளை எடுத்துவிட்டு, பெட்டியின் கன்ட்ரோல் சோர்ஸில் ="கைபேசி: "+[கைபேசி] என்று எழுதுங்கள் (உங்கள் டேபிளில் புலத்துக்கு என்ன பெயரோ அது). இங்கே + குறிதான் முக்கியம். & போட்டால் எண் இல்லாவிட்டாலும் தலைப்பு நிற்கும்; + போட்டால் புலம் Null ஆக (எதுவுமே பதியாத நிலையில்) இருக்கும்போது முழுவதும் Null ஆகிப் பெட்டி சுருங்கிவிடும். புலம் டெக்ஸ்ட் வகையாக இருக்க வேண்டும், எண் வகை என்றால் ஆக்சஸ் கூட்டிப் பார்க்கப் போய்ப் பிழை காட்டும். இறக்குமதி செய்த தரவில் Null-க்குப் பதில் வெற்று டெக்ஸ்ட் கிடந்தாலும் சுருங்காது, அவற்றை ஒரு அப்டேட் குவெரியால் Null ஆக்கிவிடுங்கள். மாணவர் படத்தை முகவரி வரிகளுக்கு நேர் வலப்புறம் வைத்தால் இந்த வேலையெல்லாம் வீண். படம் சுருங்காது, அதனால் பக்கத்து வரிகளும் சுருங்கா. படத்தைப் பெயர், பிறந்த தேதி போன்ற மாறாத உயர வரிகளுக்கு நேராக மேலே வையுங்கள்.

குறிப்புகள் போன்ற நீண்ட புலம் 255 எழுத்தோடு வெட்டுப்பட்டால் ரிப்போர்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், குவெரியைப் பாருங்கள். யூனிக் வேல்யூஸ், குரூப் பை, யூனியன் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்.

படங்களை டேபிளுக்குள்ளேயே திணிக்காதீர்கள். ஆக்சஸ் கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது, ஓஎல்இ புலத்தில் (படம் போன்றவற்றை டேபிளுக்குள்ளேயே வைக்கும் OLE Object வகை) வைத்த படங்கள் கோப்பை வேகமாக ஊத வைக்கும். படங்களை ஒரு ஃபோல்டரில் வைத்து, அவற்றின் முழுப் பாதையை மட்டும் டெக்ஸ்ட் புலத்தில் சேமியுங்கள். 2007 முதல் இமேஜ் கன்ட்ரோலின் கன்ட்ரோல் சோர்ஸில் அந்தப் புலத்தையே கொடுத்துவிடலாம். சைஸ் மோடு ஜூம் என்று இருக்கட்டும். ஸ்ட்ரெச் வைத்தால் முகம் இழுபடும்.

தமிழில் அச்சிடுவதால் வரும் தொல்லைகள் தனி. நிர்மலா யூஐ போன்ற எழுத்துருக்களுக்கு வரி உயரம் ஆங்கில எழுத்துருக்களைவிடக் கூடுதல். 11 புள்ளி அளவுக்குப் பெட்டியின் உயரம் குறைந்தது 0.6 செ.மீ. இல்லாவிட்டால் கொம்பும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படும். பழைய கணினியில் லதா எழுத்துருவில் வடிவமைத்த ரிப்போர்ட் விண்டோஸ் 10-இல் குலைந்துபோனால் ஆச்சரியப்பட வேண்டாம். லதாவும் விஜயாவும் அதில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பாகத் தனியே நிறுவ வேண்டியவை. இல்லையென்றால் விண்டோஸ் வேறொன்றை வைத்து நிரப்பும், அகலம் மாறும், ஒரு பக்கம் இரண்டு பக்கமாகும். இன்னொன்று: தலைப்புகளைத் தமிழில் எழுதுவது ப்ராப்பர்ட்டி ஷீட்டில் மட்டும்தான். விபிஏ (VBA, ஆக்சஸின் நிரல் மொழி) எடிட்டரில் தமிழ் யூனிகோடு தட்டினால் கேள்விக்குறிகளாகிவிடும். இதனாலேயே, பின்னால் நிரல் எழுதும் எண்ணம் இருந்தால், டேபிள், புலம், ரிப்போர்ட் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் கேப்ஷனை மட்டும் தமிழில் வைப்பது புத்திசாலித்தனம்.

தலைமை ஆசிரியர் கையெழுத்துக்கான இடம் எல்லாத் தாளிலும் அடியில் ஒரே உயரத்தில் வர வேண்டுமென்றால் அது பேஜ் ஃபூட்டருக்குள் இருக்க வேண்டும். டீடெய்லின் அடியில் வைத்தால் முகவரியின் நீளத்துக்கேற்ப ஏறி இறங்கும். பேஜ் ஃபூட்டரில் சம் (Sum) போன்ற கூட்டல்கள் பிழை காட்டும், மொத்தத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். ரசீதுகள் அதிகமாகி இரண்டாம் பக்கத்துக்கு ஓடும் மாணவர்களுக்காக, பெயரையும் சேர்க்கை எண்ணையும் பேஜ் ஹெடரிலும் சிறியதாக வைத்துவிடுங்கள். அனாதைத் தாள் வராது. பக்க எண் ஒவ்வொரு மாணவருக்கும் 1 என்று தொடங்க, குரூப் ஹெடரின் ஃபார்மேட் நிகழ்வில் பேஜ் என்பதற்கு 1 கொடுத்தால் போதும். அந்த மாணவருக்கு மொத்தம் எத்தனை பக்கம் என்பதையும் காட்ட வேண்டுமென்றால் கூடுதல் நிரல் வேண்டும். ஒரு பக்க ரிப்போர்ட்டுக்கு அந்த உழைப்பு தேவையில்லை. ஒரு பக்கம் வெள்ளை, அடுத்த பக்கம் சாம்பல் என்று மாறி மாறி வருகிறதா? டீடெய்லின் ஆல்டர்னேட் பேக் கலர் அது. வரிசையாக வரும் பட்டியலுக்காக வைத்த நிறம், இங்கே தாளுக்குத் தாள் மாறுகிறது. நோ கலர் ஆக்கிவிடுங்கள்.

ஃபார்மில் திறந்திருக்கும் ஒரே மாணவருக்கு மட்டும் எடுக்க, ஃபைல் மெனுவின் பிரின்டை அழுத்தினால் ஃபார்மில் உள்ள அத்தனை பேரும் அச்சாகத் தொடங்குவார்கள். அதற்கு ஃபார்மில் ஒரு பட்டன் வைத்து, ஓப்பன் ரிப்போர்ட் கட்டளையின் வேர் கண்டிஷனில் (Where Condition, எந்த ரெக்கார்டு என்று வடிகட்டும் நிபந்தனை) தற்போதைய சேர்க்கை எண்ணைக் கொடுங்கள். டெக்ஸ்ட் புலம் என்றால் அந்த எண்ணை மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய வரியில் ஃபார்மின் டர்ட்டியை (Dirty, சேமிக்காத மாற்றம் உண்டா என்று காட்டும் ப்ராப்பர்ட்டி) ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லையென்றால் இப்போதுதான் திருத்திய முகவரி இன்னும் சேமிக்கப்படாமல், பழைய முகவரியோடு தாள் வரும். மாணவருக்கு ஒரு பிடிஎஃப் என்று தனித்தனிக் கோப்புகளாக வேண்டுமென்றால், அவுட்புட் டு கட்டளைக்கு வேர் கண்டிஷன் கிடையாது. ரிப்போர்ட்டை வேர் கண்டிஷனோடு மறைவாகத் திறந்து, அவுட்புட் டு கொடுத்து, ரிப்போர்ட்டை மூடி, அடுத்தவருக்குப் போக வேண்டும். மூடாமல் போனால் எல்லாக் கோப்புகளிலும் முதல் மாணவரே இருப்பார்.

நீங்கள் ஆக்சஸை விட்டு வேறொன்றுக்குப் போனாலும் சிந்தனை இதுவேதான். லிப்ரே ஆஃபிஸ் பேஸின் ரிப்போர்ட் பில்டரில் ஃபோர்ஸ் நியூ பேஜ் அதே பெயரில் இருக்கிறது. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் செக்‌ஷன் எக்ஸ்பர்ட்டில் நியூ பேஜ் ஆஃப்டர்; அதன் ஃபார்முலாவில் கடைசி ரெக்கார்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வால் பக்கம் வராது. வேர்டு மெயில் மெர்ஜில் லெட்டர்ஸ் வகை தானாகவே ஆளுக்கொரு பக்கம் கொடுக்கும். டைரக்டரி வகை கொடுக்காது.

அச்சுக்கு அனுப்பும் முன் பிரின்டரின் இருபக்க அச்சு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்கு ஒருவர் என்று அழகாகப் பிரித்த பிறகு, தாளின் முன்னும் பின்னுமாக இரண்டு மாணவர்கள் வந்துவிடுவார்கள். பிரிவியூவில் எல்லாரையும் பார்ப்பதற்குப் பதில் தொல்லை தரக்கூடியவர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்: மிக நீண்ட முகவரி, ரசீதே இல்லாதவர், அதிக ரசீது உள்ளவர், படம் இல்லாதவர், ஒரே பெயருள்ள இருவர். அதன்பின் முழு ரிப்போர்ட்டையும் திறந்து கடைசிப் பக்கத்துக்குத் தாவி, பிரிவியூ காட்டும் பக்க எண்ணை மாணவர் டேபிளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அதிகமாக இருந்தால் யாரோ இரண்டாம் பக்கத்துக்கு வழிந்திருக்கிறார், அல்லது வெற்றுப் பக்கம் இன்னும் இருக்கிறது. குறைவாக இருந்தால் குவெரியின் இணைப்பைத் திரும்பப் பாருங்கள்.